வரவில்லை என்று சொல்லப் போனேன்

நடைப்பயிற்சிக்கென்று ஷூ வாங்கி வைத்துவிட்டு, தினமும் அலாரத்தை அணைத்துத் தூங்குவதில் நான் கெட்டிக்காரி. சரவணம்பட்டிக்குக் குடிவந்ததும் எதிர்வீட்டு ஈஸ்வரியக்காவிடம், "காலையில சேர்ந்தே நடக்கலாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

விடிந்தது, வழக்கம்போல் எழ மனமில்லை. ஆனால் வயதில் மூத்தவரிடம் போனில் மறுப்பது மரியாதையா? நேரில் சொல்லிவிட்டு வந்து படுக்கலாம் என்று கேட்டைத் திறந்தேன். வெளியே வந்து நின்றிருந்த அக்கா முந்திக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அம்மணி, இன்னைக்கு வரலீங்கன்னு சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"நானும் அதுக்குத்தானுங்கக்கா வந்தேன்!"

சிரித்து முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தோம்.

என் உடம்புக்காக எழாதவள், இன்னொருவர் காத்திருப்பாரே என்றால் எழுந்துவிடுகிறேன். இப்போதும் பல நாள் வரவில்லை என்று சொல்லத்தான் கேட்டுக்குப் போகிறேன். சொல்லிக்கொண்டே நடக்கிறோம்.