பித்தளைத் தலை ரேடியேட்டர்

யுத்தம் முடிந்த மறு வருஷம், என் பழைய சின்ன லாரியின் ரேடியேட்டர் இனி ஈயம் வைத்து அடைக்கவே முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. பெரம்பலூரில் பட்டறை வைத்திருந்த பாய்தான் எப்போதும் என் வண்டியைப் பார்ப்பவர்.

"திருச்சியில பட்டாளத்துப் பழைய சாமான் விக்கிறாங்க. உள்ளார குழாய் மூணு வரிசை இருக்கணும் தம்பி, அப்பத்தான் எஞ்சின் கொதிக்காது. வெளிய எப்படி இருந்தாலும் பரவால்ல" என்று சொல்லி அனுப்பினார்.

துணைக்கு என் மனைவியின் அண்ணன் வந்தார். கடையில் இரண்டு இருந்தன. ஒன்று கறுத்து நசுங்கிக் கிடந்தது; ஆனால் மூன்று வரிசை, என் வண்டிக்குச் சரியான அளவு. மற்றதில் இரண்டே வரிசை. அதன் பித்தளைத் தலை மட்டும் பளபளவென்று மின்னியது.

"இந்த நசுங்கினதையா மாட்டப் போறீங்க மாப்ள?" என்று மச்சான் சிரித்தார். அந்த ஒரு சிரிப்புக்காகப் பளபளப்பானதைக் கட்டச் சொன்னேன்.

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு வரிசை கிடைக்கலீங்களா?"

"இது ஒண்ணுதான் இருந்துச்சு பாய்."

அளவு சேராததால் பாய் இரும்புப் பட்டை வெட்டி இரண்டு நாள் பாடுபட்டு அதைப் பொருத்தினார். "மெதுவா ஓட்டுங்க" என்றார்.

ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் ஏலாக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஓடிவந்து வண்டியை மறித்தார். அவர் மனைவிக்கு முதல் நாளிலிருந்து பிரசவ வலி. அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பின்னால் வைக்கோல் பரப்பி அந்த அம்மாவைப் படுக்க வைத்து விரட்டினேன். திருமானூர் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்தது. வாய்க்கால் தண்ணீரை ஊற்றிக் கிளப்பினேன், மறுபடி கொதித்தது. மூன்றாம் முறை ரேடியேட்டரின் ஈய ஒட்டு விட்டு, தண்ணீர் முழுவதும் ரோட்டில் கொட்டியது. எதிரே வந்த மாட்டு வண்டியைத் திருப்பி அவர்களை ஏற்றினேன். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்த மனைவியின் கையைப் பிடித்தபடி வாத்தியார் கூடவே நடந்துபோனார்.

நான் சொல்லி அனுப்பியதில் மறுநாள் பாய் பஸ் ஏறி அரியலூர் வந்தார். இழுத்துவந்து நிறுத்தியிருந்த லாரி பக்கத்தில் நாங்கள் நின்றபோது வாத்தியார் வந்தார். குழந்தை மாட்டு வண்டியிலேயே பிறந்துவிட்டதாம். பெண் குழந்தை, தாயும் பிழைத்துக்கொண்டாள்.

பாய் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க சார். நான் மாட்டினதுதான் சரியில்ல."

நான் அழுக்கே இல்லாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வேறு ரேடியேட்டர் பார்க்கப் பாயும் நானும் திருச்சிக்குப் போனபோது பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. உங்க மச்சான் அன்னைக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் வாத்தியார்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"தெரிஞ்சேதானே மாட்டினேன்?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாத்தியாரிடம் மட்டும் நான் கடைசிவரை சொல்லவில்லை. வழியில் பார்த்தால் அவர்தான் முதலில் வணக்கம் வைப்பார்.