முள்மர விட்டம்

எங்கள் மேயோ மாவட்டக் கடற்கரையோரத்தில் நாப்லா காஃபியின் வீட்டுக்குள் யாரும் கால் வைக்கமாட்டார்கள். பேச வேண்டியதை வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். காரணம், கதவுக்கு மேலே இருந்த விட்டம். அது 'நல்லவர்கள்' குடியிருந்த முள்மரத்தில் வெட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தை நாங்கள் வேறு பெயரால் சொல்வதில்லை. அவர்களுக்குக் கோபம் வந்தால் தொழுவத்தில் மாடு மிஞ்சாது.

1839 ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளன்று அடித்த பெருங்காற்று அந்த மரத்தைச் சாய்த்தது. நாப்லா வீட்டுக் கூரையையும் கொண்டுபோனது. அவளுக்கு அப்போது ஆறு வயது. விழுந்த மரத்தைத் தொட ஊரே பயந்தபோது அவள் அப்பா கோடரியை எடுத்தார். பிள்ளை மழையில் நனைகிறது, மரம் சும்மா கிடக்கிறது என்றாராம்.

அதோடு ஊர் ஒதுங்கிக்கொண்டது. நாப்லாவைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அப்பா அம்மா போனபின் தனியாகவே உருளைக்கிழங்கு போட்டாள், சதுப்பில் இறங்கி அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டினாள். விட்டத்தை மாற்றிவிடும்படி எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். அவள் மாற்றவில்லை.

அவளுக்கு எழுபத்தாறு நடக்கும்போது, முதியவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தரத் தொடங்கியது. எழுபது வயதுக்குச் சான்று வேண்டும். எங்கள் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்த வருஷங்களே இல்லை. அதனால் பெருங்காற்று நினைவிருக்கிறதா என்று கேட்டு வயதை முடிவுசெய்தார்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரர்கள்கூட நினைவிருக்கிறது என்று சத்தியம் செய்ததில் அதிகாரி சலித்துப்போயிருந்தார். நாப்லா தன் கதையைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு, பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும், செவ்வாய்க்கிழமை மறுபடி உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றார்.

உயிரோடிருந்த ஒரே சாட்சி பக்கத்து மேட்டுக் கிழவர் ஃபெஸ்டி லவெல். அவளைவிட ஐந்து வயது மூத்தவர். நாப்லா அன்றே மேடேறிப் போனாள்.

"சாட்சி சொல்றேன். ஆனா அந்தக் கட்டைக்கு அடியில வரமாட்டேன். எனக்கு மாடு இருக்கு" என்றார் ஃபெஸ்டி.

"எழுபது வருஷமா அது என் தலைக்கு மேலதான் இருக்கு. எனக்கு என்ன ஆச்சு?"

"உனக்குக் கல்யாணம் ஆகல."

"அது உங்களால. கட்டையால இல்ல."

ஃபெஸ்டி வருவதாகத் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை வந்தார். வாசலைச் சுற்றிப் போய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அதிகாரி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கேட்க, அவர் வெளியே தூறலில் நின்று சொன்னார்.

"எங்கப்பாதான் இவளைத் தோள்ல தூக்கிட்டு ஓடினார், ஐயா. நான் அவர் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடினேன். இவ கையில ஒரு கோழி. அது அப்பவே செத்துப்போச்சு. விடவே மாட்டேன்னுட்டா."

அதிகாரி தன் தாளைப் புரட்டினார். போன வாரம் நாப்லா சொன்னதிலும் அந்தச் செத்த கோழி இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

ஃபெஸ்டி கடைசிவரை அந்த வீட்டுக்குள் போகவில்லை. நாப்லாவும் கூப்பிடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் உதவித்தொகை வாங்க இருவரும் சேர்ந்தே தபால் ஆபீசுக்கு நடந்தார்கள். கடற்காற்று எதிரே அடித்தால் அவர் முன்னால் போவார், அவள் அவர் முதுகை ஒட்டி நடப்பாள்.