ஏழுமலை அண்ணன் பேசிய கோர்ட் சீன்

சூடான ஜெராக்ஸ் பேப்பரின் வாசனை... இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றுதான் தோன்றும்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்தைந்து வயது. வந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள்.

அவர்களில் ஒருவர் ஏழுமலை அண்ணன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். வெளிநாட்டு கஸ்டமர்கள் வரப்போகிறார்கள். அவருடைய மெஷினைப் பற்றி அவரே இங்கிலீஷில் விளக்க வேண்டும். சரியாகச் செய்தால் டீம் லீடர் ஆகலாம்.

“வேலைன்னா பயமே கெடையாது மேடம். நாலு பேரு முன்னாடி இங்கிலீஷ்னாதான் நாக்கு ஒட்டிக்கிது.”

லேப்டாப்பில் இன்டர்நெட்டுக்கான டேட்டா கார்டைச் செருகி, மேடையில் நடந்துகொண்டே பேசும் வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்களைக் காட்டுவேன். இரண்டு நிமிட வீடியோ வந்து சேர பத்து நிமிடம் ஆகும்...

“இன்னா மேடம், சுத்திகினே கீது” என்பார் அண்ணன்.

“அவங்க கையைப் பாருங்கண்ணா. அதே மாதிரி செய்யுங்க” என்றேன் ஒருநாள். செய்தார். டிராஃபிக் போலீஸ் மாதிரி இருந்தது. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அவர் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

வெள்ளானூரில் அவர் தெருவிலேயே இருந்த நர்ஸ் சாந்தியும் என் வகுப்பில் படித்தாள். அவள்தான் சொன்னாள். “ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல மேடம். வெக்கப்பட்டுகினு ஊட்லயே கீறாரு.”

போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “அத்த வுடுங்க மேடம்” என்றார். அடுத்த வாரம் வந்தார், கடைசி பெஞ்சுக்கு.

அன்று வெளிநாட்டு வீடியோ எதையும் போடவில்லை. ஒரு பழைய தமிழ்ப்பட சிடி. கோர்ட் சீன். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, “வக்கீலுக்கு யார் இங்கிலீஷ்ல டப்பிங் கொடுக்கிறீங்க?” என்றேன்.

திரையில் வக்கீல் விரலை நீட்டினார். பின்னாலிருந்து ஒரு குரல்...

“மை லார்ட், மெஷின் நாட் கில்ட்டி. ஆபரேட்டர் நாட் கில்ட்டி. பவர் கட் ஈஸ் கில்ட்டி.”

மறுபடியும் எல்லோரும் சிரித்தோம். இந்த முறை அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து முன்னால் வந்தார். கிராமரை நான் திருத்தவே இல்லை. சீன் முடிந்து படம் நின்ற பிறகும் மெஷினுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். கைகள் தாமாகவே அசைந்தன.

கஸ்டமர்கள் வந்துபோன வாரம், உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னார். “மொதல்ல ஒண்ணும் வரல மேடம். ஜட்ஜு முன்னாடி நிக்கறன்னு நெனச்சிகினேன். கடகடன்னு வந்துச்சி. நடுவுல ஒருவாட்டி மை லார்டுன்னுட்டேன்... அவங்களும் சிரிச்சாங்க.”

சில மாதங்களில் டீம் லீடர் ஆனார். ஆனதும் ஞாயிறு ஷிஃப்ட். அதோடு வகுப்புக்கு வருவது நின்றுபோனது. சந்தோஷமான செய்திதான். ஆனாலும் சில வாரங்கள் கடைசி பெஞ்சைப் பார்க்க என்னவோ போல் இருந்தது.

இப்போது ஆவடியில் என் ஃப்ளாட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் எடுக்கிறேன். எந்த வீடியோவும் தொட்டவுடன் ஓடுகிறது. பெரும்பாலும் ஐடி பிள்ளைகள்; அழகாகப் பேசுகிறார்கள், கேமராவை அணைத்துவிட்டு.

ஒருவேளை காலையில் பால் வாங்கும் கடையில் என் பக்கத்திலேயே நிற்பார்களோ என்னவோ. முகம் தெரியாதே...