கிரீஸ் வைத்த குடை ராட்டினம்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. டிரம்ஸ் வாசிப்பவன் என்பதால் இந்தக் கெட்ட பழக்கத்துக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க ஆபீஸ் மேஜை, சாப்பாட்டுத் தட்டு, வேளச்சேரி ரயிலின் ஜன்னல் கம்பி என்று எது கைக்குக் கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாடகன் கனடாவுக்குப் போகிறான். மனைவி முன்னாலேயே போய் வேலையில் சேர்ந்து வீடும் பார்த்துவிட்டாள். இனி வந்தாலும் விருந்தாளியாகத்தான் வருவான். அவன் இல்லாமல் நான் எதற்கு வாசிப்பது என்று பயமாக இருந்தது.

பாடகன், கிடார் வாசிக்கும் தோழி, நான் என்று மூன்றே பேர். கல்லூரியிலிருந்து ஒன்றாக வாசிக்கிறோம். எங்கள் பாட்டுக்கு யாரும் ஆடியதில்லை. ஒருமுறை தேனாம்பேட்டையில் வாசித்தபோது மைக் செட்காரர், "டெஸ்டிங் முடிஞ்சிச்சா சார், ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். நாங்கள் மூன்றாவது பாட்டில் இருந்தோம்.

பழைய சர்க்கஸையும் பொருட்காட்சியையும் வைத்து ஒரு முழு ஆல்பம் என்பது பாடகனின் யோசனை. சிங்கம் போன பிறகும் தினமும் கழுவி வைக்கப்படும் கூண்டு, மரணக் கிணற்றுக்குள் பைக் ஓட்டுகிறவளின் மதியத் தூக்கம், கூட்டம் வராத நாளில் கோமாளிகள் தங்களுக்குள் போடும் சண்டை, எல்லாம் பாட்டாகிவிட்டன. கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. அதற்குக் குடை ராட்டினம் சுற்றும்போது வரும் கிறீச் சத்தம் வேண்டும். இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்றாள் தோழி. பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பத்துக்காரர் ஒருவர் கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினம்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். சனிக்கிழமை சாயங்காலம் ரெக்கார்டிங்குக்கு வருகிறோம் என்று அவரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். எந்தச் சத்தத்துக்காக என்று சொல்லத் தோன்றவில்லை.

சனிக்கிழமை போனால், ராட்டினம் கல்யாண மாப்பிள்ளை போல நிற்கிறது. குதிரைகளுக்குப் புது மஞ்சள் பெயிண்ட், காதோரம் பிளாஸ்டிக் பூ. தோழி மைக்கை நீட்டினாள். அவர் தள்ளினார். சுற்றியது, சுற்றியது, ஒரு முனகல்கூட இல்லை.

"சத்தம் எங்கண்ணா?" என்றேன்.

"இன்னா நைனா இப்டி கேக்குற? ரெக்காடிங்னு சொல்ட்டுப் போனியே, கிறீச்சு கிறீச்சுன்னு கத்திகினு இருந்தா நல்லாவா இருக்கும்? நேத்து பூரா இதே வேலைதான். பேரிங்க கயட்டி கிரீஸ் வெச்சேன். இப்ப பாரு எப்டி கீதுன்னு, வெண்ண மாதிரி போவுது."

கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. பாவம், அவரைத் திட்டவா முடியும்? மணலை உதைத்தேன். பாடகனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டு ஒரு மஞ்சள் குதிரையில் ஏறி உட்கார்ந்தான்.

"விடு மச்சி. நான் வாயாலயே போடறேன்."

ராட்டினம் நகர்ந்தது. தொண்டையை இறுக்கிக் 'கிறீ...ச்' என்று அவன் இழுத்தான். எங்கள் பக்கம் வரும்போது பெரிதாகவும் கடல் பக்கம் போகும்போது மெலிந்தும் கேட்டது. மற்றக் குதிரைகளில் இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோழி கட்டைவிரலை உயர்த்தினாள். ஆல்பத்தில் இருப்பது அந்த முதல் டேக்தான். எந்த சர்க்கஸில் பிடித்தீர்கள் என்று இன்றும் கேட்கிறார்கள்.

"போதுமா?" என்றான்.

"சரியா வரலடா. இன்னொரு ரவுண்டு."

அடுத்ததில் அலைச் சத்தம் என்றேன். அதற்கடுத்ததில் காற்று என்றேன். தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி பட்டனை அழுத்தினாள். அவன் இறங்கினால் போய்விடுவான். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. பிள்ளைகள் இறங்கிப் போய்விட்டார்கள். "இன்னும் எத்தினி வாட்டி நைனா?" என்று குப்பத்துக்காரர் வேர்வையைத் துடைத்தார்.

ராட்டினம் என் எதிரில் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை.

"மொத தடவையே சரியாத்தான் வந்துச்சு. எனக்கும் தெரியும்டா," என்றான். தொண்டை கட்டியிருந்தது. "இன்னொண்ணு போடவா?"

போடு என்றேன்.