கதவு நிலையின் கறுப்பு

கண்டி வாவிக்கு அருகே, கலவரத்தில் எரிந்த தமிழர் வீடொன்றை ஹோட்டலாக்கியிருந்தார்கள். கரிந்த கதவு நிலையை மட்டும் அழகுக்கென்று விட்டுவைத்தார்கள். வாசற்காவலர், நரைத்த மீசைக்காரர், எந்நேரமும் அதைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டிருப்பார். நான் சுற்றுலாக்காரருக்கு மொழிபெயர்ப்பாளன்.

ஒரு வெள்ளைக்காரி நிலையைத் தடவி, ஏன் இந்தக் கறுப்பு என்றாள். காவலரிடம் கேட்டேன்.

“எங்க வீடு எரிஞ்ச கரிங்க சார். அப்படியே சொல்லுங்க.”

ஹோட்டல் முதலாளி பக்கத்தில் நின்றார். போர்க்காலம்; பயந்தேன். “பழைய வார்னிஷ்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“வார்னிஷ்னா எனக்கும் வெளங்கும் சார்,” என்றார் அவர், துடைத்தபடியே.

அடுத்த மாதம் வேறொரு கூட்டத்தோடு போனேன். யாரும் கேட்காமலே அவர் நிலையைக் காட்டினார். “ஓல்ட் வார்னிஷ், மேடம்.” பிறகு என்னிடம் மெல்ல, “சரியா சொன்னேனா சார்?”

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.