வெண்டலின் சனிக்கிழமை பீர்

என் தம்பி வெண்டல் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அதில் சந்தேகம் வரும். எனக்கே வந்தது.

அப்பா ஏரிக்கரையில் தூண்டில் புழு விற்றார். கடைக்குப் பின்னாலேயே வீடு. வெண்டல் நடக்கக் கற்றதற்கு முன்பே படகில் உட்காரக் கற்றுக்கொண்டவன். படிப்பு ஏறவில்லை. ஆனால் கெட்டுப்போன எந்த இயந்திரத்தையும் கழற்றி மாட்டிவிடுவான். இந்த வடக்கு மினசோட்டாவில் வீடுகளைச் சூடாக்கும் அடுப்பு ஜனவரியில் நின்றுபோனால் எங்கள் ஊரில் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அடுத்து வெண்டலை. வருபவன் வெண்டல்தான்.

அவன் மனைவி ஜோலீன் பிரிந்து டுலூத் நகரத்துக்குப் போனபோது பெண் பிரிட்டாவும் கூடப் போனாள். வார நாட்களில் அவனுக்கு வேலை இருந்தது, தப்பித்தான். சனியும் ஞாயிறும்தான் ஆளை விழுங்கின. சும்மா சோபாவில் கிடந்தான். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவள், சும்மா கிடப்பவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எழுந்து ஏதாவது செய்டா, பூஞ்சை பிடிச்சிடப்போகுது" என்று கத்தினேன்.

செய்தான். பீர் காய்ச்ச ஆரம்பித்தான்.

முதல் தடவை பீர் புளித்துப் பொங்குவது அடங்குவதற்குள் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்துவிட்டான். நிலவறையில் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. எதிர்வீட்டுக்காரர் மான் வேட்டைக் காலம் அதற்குள் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஊர் முழுக்கச் சிரித்தது. வெண்டலும் சிரித்தான். ரொம்ப நாளைக்கப்புறம் அவன் சிரித்துப் பார்த்தேன், அதனால் நான் திட்டவில்லை.

பிறகு கை தேர்ந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் கராஜைத் திறந்து, பெரிய பானையை எரிவாயு அடுப்பில் ஏற்றுவான். முளைகட்டிய பார்லியின் வாசனை தெருக்கோடி வரை வரும், ரொட்டியும் தேனும் சேர்ந்து வேகிற மாதிரி. கொதிக்கும்போது ஹாப்ஸ் பூக்களைத் துணிப்பையில் கட்டி உள்ளே விடுவான். பீருக்குக் கசப்பைக் கொடுப்பது அந்தப் பூதான். பக்கத்தில் புகை அடுப்பில் பன்றித் தோள்கறி கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் பிடித்த மீனைப் பீர் கலந்த மாவில் தோய்த்துப் பொரிப்பான். காட்டரிசி சூப் வைப்பான். இதெல்லாம் யாருக்காக? பிரிட்டாவுக்காக. வாரக் கடைசியில் அவள் வருவாள், தன் நாய் பம்பரோடு. அது ஒரு மஞ்சள் லாப்ரடார், கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும் ஜாதி. என் செருப்பில் ஒன்று அதன் வயிற்றில்தான் போயிற்று.

பிரிட்டாவுக்கு வயது பதினைந்து ஆனதும் நீதிபதி சொல்லிவிட்டார், இனி அப்பாவிடம் வருவதும் வராததும் பெண்ணின் இஷ்டம் என்று. அன்றிலிருந்து வெண்டலுக்கு ஒரே பயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோலீனின் கார் தெருமுனையில் திரும்பும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"அவளுக்கு இங்க என்னக்கா இருக்கு? அங்க சினேகிதிங்க, கடைங்க, எல்லாம் இருக்கு. ஒருநாள் வரமாட்டா பாரு" என்பான்.

"அவ வந்துட்டுத்தானேடா இருக்கா. இல்லாததை ஏன் நினைக்கிறே?"

"நான் எப்பவும் லேட்டு. படகு எடுக்கலாம்னு சொல்வேன், பீர் கொதிச்சு முடியாது. அவ உட்கார்ந்து ஃபோனை நோண்டிட்டிருப்பா. எத்தனை நாளைக்குப் பொறுத்துப்பா?"

அது உண்மைதான். பாதியில் விடமுடியாத வேலை அது. காய்ச்சியதைச் சட்டென்று ஆற்றி, வாளிக்கு மாற்றி, ஈஸ்ட் போட்டு மூடும் வரை நகரமுடியாது.

ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தீயணைப்பு நிலையத்தின் மாடியில் கூடி, ஒருவர் பீரை ஒருவர் குடித்துவிட்டு மரியாதையாகக் குறை சொல்வார்கள். அந்தச் சங்கத்தில் ஒருவருடைய பீகிள் நாய், காய்ச்சி முடித்து எறிந்த ஹாப்ஸைத் தின்று செத்துப்போனது. நாய்க்கு ஹாப்ஸ் விஷம். உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போய்க் கொன்றுவிடும். அதிலிருந்து ஒரு கட்டளை வைத்திருந்தார்கள்: பானையிலிருந்து எடுத்த ஹாப்ஸ் பை நேராக மூடி போட்ட வாளிக்குள் போகவேண்டும், வேறெங்கும் ஒரு நிமிடம்கூட இருக்கக்கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்கிற பொறுப்பு யாருக்கு? நம் வெண்டலுக்கு.

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை பிரிட்டா தீவுக்குத் துடுப்புப் படகில் போகவேண்டும் என்றாள். அவள் வாயைத் திறந்து ஒன்று கேட்பதே அபூர்வம். இந்தத் தடவை தாமதிக்கக்கூடாது என்று வெண்டல் கங்கணம் கட்டிக்கொண்டான். அரக்கப்பரக்கக் காய்ச்சி முடித்தான். ஹாப்ஸ் பை சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கராஜ் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினான், சொட்டு வடியட்டும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. பம்பரைப் படகில் ஏற்றினால் கவிழ்த்துவிடும். வெளியே வெயில் சுட்டது.

"கராஜ்ல விடும்மா, அங்கதான் குளிர்ச்சியா இருக்கும்" என்றான்.

அவனேதான் சொன்னான். பிரிட்டா நாயை உள்ளே விட்டு, கதவைச் சாத்தினாள். இருவரும் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். தீவில் காட்டு ப்ளூபெரி பறித்துத் தின்றார்களாம், பாறையிலிருந்து தண்ணீரில் குதித்தார்களாம். பள்ளிக்கூடம் பற்றி அவள் வாய் ஓயாமல் பேசினாளாம். இதெல்லாம் வெண்டல் பிற்பாடு சொன்னது. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் சாயங்காலச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சாலடை எடுத்துக்கொண்டு போனபோது வெண்டல் நாயைக் கையில் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தான். பம்பரின் நாக்கு ஒரு முழம் தொங்கியது. மூச்சு இரைத்த வேகத்தில் உடம்பே குலுங்கியது. கால்கள் விறைத்திருந்தன. தொட்டேன், அடுப்பு மாதிரி சுட்டது.

"நீ ஓட்டுக்கா! டுலூத்துக்கு! சீக்கிரம்!"

"என்னடா ஆச்சு?"

"சூடு. சூடு ஏறிடுச்சு."

மீன்பிடிக்கப் போகும்போது எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியை பிரிட்டா இழுத்து வந்தாள். உள்ளே இருந்த பீர் பாட்டில்களைப் புல்லில் கவிழ்த்துவிட்டு, ஐஸை மட்டும் வைத்துக்கொண்டாள். பின் இருக்கையில் நாயை மடியில் கிடத்தி, ஈரத்துண்டைச் சுற்றி ஐஸை வைத்தாள். நான் சாலடை வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டு ஏறினேன். இந்த வயதில் இவ்வளவு வேகமாக நான் வண்டி ஓட்டியதில்லை.

பிரிட்டா விலங்கு மருத்துவமனைக்கு ஃபோன் போட்டாள். டாக்டரம்மாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நாய் எங்கே இருந்தது, எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்டார்.

"ஏதாவது தின்னுச்சா?"

"ஒண்ணும் தின்னலை. நான்தான் தண்ணி வைக்காம கதவைச் சாத்திட்டேன். ஜன்னலைக்கூடத் திறக்கலை. என் தப்பு" என்று அழுதாள் பிரிட்டா.

"அழாதேம்மா. நனைச்சுக்கிட்டே வாங்க."

என் பக்கத்தில் வெண்டல் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கைகளைத் தொடைக்கு அடியில் செருகியிருந்தான். பிரிட்டா பின்னால் புலம்பிக்கொண்டே வந்தாள். நானே கொன்னுட்டேன், தீவுக்குப் போகணும்னு நான்தானே அடம் பிடிச்சேன், தண்ணி வைக்கணும்னு எனக்கு ஏன் தோணலை, நானே கொன்னுட்டேன். கேட்கச் சகிக்கவில்லை.

"இப்படிச் சொல்லாதேடி கண்ணு. சின்ன மறதி. யாருக்கும் வரும்" என்றேன். பிறகு தம்பியைப் பார்த்து, "நீ ஏதாவது சொல்லேன்டா, மரம் மாதிரி உட்கார்ந்திருக்கே!" என்றேன்.

பெட்ரோல் பங்க் போயிற்று. மர ஆலை போயிற்று. ஆற்றுப் பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டும்போது பம்பர் வெட்டி வெட்டி இழுத்தது, பிரிட்டா வீறிட்டாள்.

"திரும்ப ஃபோன் போடு" என்றான் வெண்டல்.

"என்னது?"

"டாக்டருக்குப் போடு. ஹாப்ஸ் தின்னுட்டான்னு சொல்லு. ஆணில மாட்டியிருந்தேன். இழுத்துக் கிழிச்சுட்டான். பாதிக்கு மேல உள்ள போயிடுச்சு."

பிறகு பிரிட்டா ஃபோன் போட்டு, ஒரு வார்த்தை பிசகாமல் அதை அப்படியே சொன்னாள். டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது. சரி, வேறு மருந்து எடுத்துவைக்கிறோம், வாசலிலேயே நிற்கிறோம், வாருங்கள் என்றார்.

பிரிட்டா அழுகையை நிறுத்தியிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பா."

"சொல்லும்மா."

"கராஜ்ல நான் பம்பரைத் தூக்கப் பார்த்தப்ப, பின்னால ஒரு சத்தம் கேட்டுச்சு. வாளி மூடியை அழுத்தி மூடுற சத்தம்."

வெண்டல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கிழிஞ்ச பையை எடுத்து உள்ள போட்டு மூடினியா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி மூடினியா?"

"பயந்துட்டேன் பிரிட்டா. நீ இனிமே வரமாட்டேன்னு..."

"நான் கொன்னுட்டேன்னு சொல்லிட்டே வந்தேனேப்பா. நீ கேட்டுட்டே இருந்தே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் முதுகில் நாலு வைத்திருப்பேன், கையில் ஸ்டியரிங் இருந்ததால் தப்பித்தான். கூடவே அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. என்ன செய்ய, கூடப் பிறந்து தொலைத்துவிட்டோமே.

பம்பர் பிழைத்தது. குடலைக் கழுவி, மருந்து ஏற்றி, இரவெல்லாம் குளிர்வித்தார்கள். தண்ணீர்க் கிண்ணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா பிரிட்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வழியிலேயே சொன்னதால்தான் பிழைத்தது, இல்லாவிட்டால் வெறும் வெயில் என்று நினைத்து ஏமாந்திருப்போம் என்று வெண்டலிடமும் சொன்னார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள முடியாமல் அவன் தரையைப் பார்த்தான்.

ஞாயிறு மதியம் நாயைக் கூட்டிப்போக எல்லோரும் வந்திருந்தோம், ஜோலீன் உட்பட. அவள் வெண்டலை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. பம்பர் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு வந்தது. வந்ததும் நேராக வெண்டலிடம் போய், அவன் முழங்காலில் தலையை முட்டி, வாலை ஆட்டியது. வெண்டல் குனிந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பிரிட்டா வாரை மெதுவாக இழுத்தாள்.

"வா பம்பர், போலாம்."

"வெள்ளிக்கிழமை நானே வந்து கூட்டிட்டு வரட்டுமா? பீர் வேண்டாம், கராஜையே பூட்டிடறேன். காலையிலேயே படகை எடுத்துடலாம்" என்றான் வெண்டல்.

பிரிட்டா அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில், அதுதான் கொடுமை. தூரத்துச் சொந்தக்காரரிடம் பேசுகிற மாதிரி நல்லபடியாகப் பேசினாள்.

"பாக்கலாம்ப்பா" என்றாள்.

பார்க்கலாம். எங்கள் வீட்டில் இன்சூரன்ஸ் விற்க வருகிறவர்களிடம் சொல்லும் வார்த்தை அது. வெண்டலுக்கும் அது தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டான்.

"அக்கா, சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லை. ஏன்டா?"

"தோள்கறி போட்டேன், காட்டரிசி சூப்பும் வச்சேன். கொஞ்சம் அதிகமாப் போச்சு. நீ வர்றியா?"

எத்தனை பேருக்குச் சமைத்தாய் என்று நான் கேட்கவில்லை. திட்டுவதற்கு நாக்கு நுனி வரை எவ்வளவோ இருந்தது, ஒன்றும் வரவில்லை.

"வரேன்டா. ஏதாவது வாங்கிட்டு வரணுமா?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். நீ வந்தாப் போதும்" என்றான்.