தாணுலிங்கம் சாரின் எழுத்து பீரோ

தாணுலிங்கம் சார் ‘ழ’வைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால், சுழியிலிருந்து வால் வரைக்கும். பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் எழுத்தின் மேல் தூசி எங்கிருந்து வரும்? ஆனாலும் காலை மணி அடிக்கும் முன் துடைக்காவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

தோவாளைப் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு அவருடையது. பிள்ளைகள் கையால் செய்து படித்தால்தான் எழுத்து மனதில் ஒட்டும் என்று ஆசிரியர் கூட்டங்களில் ஆவேசமாகப் பேசுவார். பேச்சோடு நிற்கிற ஆளும் அல்ல. தெர்மாகோலில் உயிர்மெய் வரிசை, காந்தத் தூண்டிலில் மாட்டும் அட்டை மீன்கள், சுற்றினால் சொல் காட்டும் சக்கரம் எல்லாம் அவருடைய கைவேலை. விரலால் தடவிப் பழக உப்புத்தாளில் எழுத்துகள் வெட்டினார். தடவினால் தேய்ந்துவிடுமே என்று அவற்றையும் லேமினேஷன் போட்டுவிட்டார்.

வகுப்பில் அவருடைய முதல் உத்தரவு, “ஏலே, எல்லாரும் கையப் பின்னால கெட்டுங்க.” அதன் பிறகுதான் பீரோ திறக்கும். தூண்டிலை அவரே போடுவார், மீனை அவரே பிடிப்பார், அதன் வயிற்றில் எழுதிய சொல்லை அவரே வாசிப்பார். பிள்ளைகள் கைதட்டவும் வழியில்லை. யாராவது ஆசையில் எட்டினால், “கண்ணால படி மக்கா. தொட்டா அழுக்காயிரும், கேட்டியா?”

மனிதர் கெட்டவர் அல்ல. லீவு நாளெல்லாம் குனிந்திருந்து வெட்டியதில் தீராத கழுத்துவலி. “பெத்த பிள்ளையளகூட நீங்க இப்பிடிப் பாக்கலியே” என்று மனைவி மீனாட்சியம்மாள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

இந்த எழுத்துகளை நாகர்கோவிலில் நடக்கும் மாவட்டக் கண்காட்சியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அடுத்த வருடம் ஓய்வு. இந்த முறை விட்டால் விட்டதுதான். தேர்வு செய்யும் அதிகாரி அம்மா அன்று காலை வந்தார். சார் மீன் பிடித்துக் காட்டினார், சக்கரம் சுற்றிக் காட்டினார். அதிகாரி ரசித்துப் பார்த்துவிட்டு எழுத்து அட்டைகளைத் தரையில் பரப்பினார்.

“இனி பிள்ளைங்க செய்யட்டும் சார். பிடிச்ச சொல்ல அடுக்குங்க, பாப்போம்.”

வகுப்பு முழுவதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

“எடுங்க மக்கா,” என்றார் சார். ஒரு கையும் முன்னால் வரவில்லை. “எடுங்கலே!” என்று அதட்டியதும் கட்டு இன்னும் இறுகியது. சாரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

“ஏம்மா எடுக்கல?” அதிகாரி முன்வரிசை நந்தனாவிடம் கேட்டார்.

“அது சாருக்க எழுத்தாக்கும். தொட்டா அழுக்காயிரும்.”

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவரை வரவேற்க வந்த பிச்சிப்பூப் பொட்டலம் மேஜை மேல் இருந்தது. “அப்ப இதத் தொடலாமா?”

“தொடலாம். அது எங்க அப்பா குடுத்துவிட்ட பூ.”

பூச்சந்தை வியாபாரியின் மகள் பொட்டலத்தைத் தரையில் கவிழ்த்தாள். முதலில் அவள் கை மட்டும்தான் வந்தது. பிறகு எல்லாக் கைகளும் வந்துவிட்டன. பாதிப் பேர் வீட்டில் பூக்கட்டிய பழக்கதோஷத்தில் கட்டுவதற்கு நார் தேடினார்கள். “கெட்டாண்டாம், வரிசையா வைங்கட்டி” என்று நந்தனா அதட்டினாள். பூ பூவாக அடுக்கியதில் தரையில் ‘பிச்சி’ வந்தது. பக்கத்தில் ‘அரளி’ வந்தது. பிறகு, இடித்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து வைத்த ‘தாழம்பூ’.

கண்ணால் படித்ததும் வீண்போகவில்லை போலும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கண்காட்சியைப் பற்றி அதிகாரி ஏதோ சொல்லத் தொடங்கியது அவர் காதில் ஏறவில்லை. ‘ழ’வின் வால் கோணியிருந்தது. இருப்புக்கொள்ளாமல் குனிந்து, ஒரே ஒரு பூவை நகர்த்த விரலை நீட்டினார்.

“தொடாதீங்க சார்,” என்றாள் நந்தனா, தலை நிமிராமல். “கசங்கிரும்.”

தாணுலிங்கம் சார் நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.